வாயிற்காவலனும் டி. எஸ். பாலையாவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

பழைய திரைப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கதாநாயகர்களின் பெயர்களே முதலில் வரும். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் அச்சான பெயர்கள் அவை. அவற்றுக்குக் கீழே நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். கதாநாயகனுக்கு எதிரியாக, நண்பனாக, தந்தையாகப் படம் முழுவதும் வருபவர் அவர். அத்தகையோரைக் ‘குணச்சித்திர நடிகர்’ என்கிறோம். அவர்களுள் ஒருவரான டி. எஸ். பாலையாவைப் பற்றியதே இக்கட்டுரை. ஒரு குணச்சித்திர நடிகரின் வேலை உண்மையில் என்ன என்பதை அவருடைய படங்களைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

இயற்பியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். எனவே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு கல்லூரி நாள் விழாவுக்காக எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஒரு சரித்திர நாடகம் தயாரித்தார். எனக்குக் கிடைத்த வேடம் வாயிற்காவலன். வசனம் இரண்டே இரண்டு. மற்ற நேரமெல்லாம் வேலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒத்திகையில் அரசர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நான் சன்னல் வழியே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் ஒத்திகையை நிறுத்தினார். “ஏம்ப்பா, ராஜா பேசுறதை நீயே கேட்கலேன்னா கீழே உட்கார்ந்திருக்கிறவன் எதுக்குக் கேட்கணும்? பாலையா நடிச்ச படத்தைப் போய்ப் பாரு. வாயைத் திறக்காம ஒருத்தர் என்ன செய்யலாம்னு தெரியும்” என்றார்.

அப்படித்தான் பார்க்கத் தொடங்கினேன்.

பாலையா 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் பிறந்தவர். அக்காலத்து நடிகர் பலரைப் போலவே நாடக மேடையில் பயின்று திரைக்கு வந்தார். அவருடைய முதல் படம் 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை அது. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். அந்த ஒரு படத்தில் தமிழ்த் திரைக்கு அறிமுகமானவர்களை எண்ணினால் வியப்பாக இருக்கும். கதாநாயகன் எம். கே. ராதா, நகைச்சுவைக்கு என். எஸ். கிருஷ்ணன், காவல்துறை அதிகாரியாகச் சிறிய வேடத்தில் எம். ஜி. ராமச்சந்திரன், வில்லனாகப் பாலையா. அன்று எம்.ஜி.ஆருக்குக் கிடைத்ததைவிடப் பாலையாவுக்குக் கிடைத்த வேடமே பெரியது!

அடுத்த ஆண்டே, 1937இல், ‘அம்பிகாபதி’ வந்தது. இதற்கும் டங்கனே இயக்குநர். எம். கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாகவும், பாலையா அவரை அழிக்க நினைக்கும் தளபதி ருத்திரசேனனாகவும் நடித்தனர். முதல் இரண்டு ஆண்டுகளிலேயே ‘வில்லன்’ என்ற முத்திரை விழுந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் கதாநாயகன் ஆவதற்கு முதல் தகுதி குரல். பின்னணி பாடும் முறை வேரூன்றாத காலம் அது. பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் தாங்களே பாடி நடித்தார்கள். மக்கள் பாட்டுக்காகவே கொட்டகைக்கு வந்தார்கள். பாட்டால் புகழ்பெறாத ஒருவர், எவ்வளவு நன்றாக நடித்தாலும், பாடுபவருக்கு எதிரே நிற்கும் இடத்துக்கே போக வேண்டியிருந்தது. பாலையாவுக்குக் கிடைத்தது அந்த எதிர் இடம். பேச்சும் விழியும் புருவமும்தான் அவருடைய மூலதனம். பின்னாளில் அவரை அழியாப் புகழில் நிறுத்திய வேடங்களுள் ஒன்று ஒரு மாபெரும் பாடகரின் வேடமாகவே அமைந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

1940களில் காற்று திசை மாறியது. 1947இல் ‘ராஜகுமாரி’ படத்தின் மூலம் எம்.ஜி.ஆர். கதாநாயகன் ஆனார். அதில் பாலையாவும் உண்டு. 1948இல் ‘மோகினி’யிலும் இருவரும் சேர்ந்து நடித்தனர். 1956இல் ‘மதுரை வீரன்’ வந்தபோது எம்.ஜி.ஆர். மக்கள் தலைவராக உயர்ந்துகொண்டிருந்தார்; பாலையா அவருக்கு எதிரே நிற்கும் வில்லன். ஒரே படத்தில் ஒன்றாகத் தொடங்கிய இருவரில் ஒருவர் உச்சிக்குப் போக, மற்றவர் அந்த உச்சியின் உயரம் தெரியும்படி எதிரே நின்றார். இதைக் குறையாக நான் எழுதவில்லை. வில்லன் எளியவனாக இருந்தால் வீரன் வெல்வதில் என்ன பெருமை?

இடையில் வந்த ‘வேலைக்காரி’யை விட்டுவிட முடியாது. அறிஞர் அண்ணாவின் நாடகம் 1949இல் படமானது. கே. ஆர். ராமசாமி ஏற்ற ஆனந்தன், தன் தந்தையின் சாவுக்குக் காரணமான பணக்காரரைப் பழிவாங்கத் துடிக்கிறான். அவனைத் தடுத்து, ஆயுதத்தை எடுப்பதைவிட அறிவை எடுப்பதே மேல் என்று உணர்த்தும் நண்பன் மணியாக வருபவர் பாலையா. அப்படத்தின் கருத்தையே தாங்கி நிற்கும் உரை கதாநாயகன் வாயில் வரவில்லை, நண்பனின் வாயில் வருகிறது. அதுவரை வில்லனாகவே பார்த்துப் பழகிய முகம் அறிவுரை சொன்னபோது மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அந்த முகம் எதையும் நம்ப வைக்கக்கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1954இல் வந்த ‘தூக்குத் தூக்கி’யில் அவர் ஒரு வடநாட்டுச் சேட். அந்தச் சேட்டின் கொச்சைத் தமிழுக்குக் கொட்டகையே சிரித்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தச் சிரிப்பில் சற்றுக் கூச்சம் உண்டாகிறது. நம் ஊருக்குப் பிழைக்க வருபவரின் பேச்சைக் கேலி செய்வது எளிது. நம்மவர் வெளியூருக்குப் பிழைக்கப் போனால் அங்கே அவர்கள் பேச்சும் அப்படித்தானே கேட்கும்! ஆயினும் ஒரு மொழியின் ஓசையைக் காதால் வாங்கி நாவால் திருப்பித் தரும் அவருடைய ஆற்றலை மறுப்பதற்கில்லை.

ஓர் எளிய சோதனை

இப்போது என் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். 1964இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ வண்ணப்படம். பாலையா சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதன். பணத்தின்மேல் பற்று மிகுந்தவர். அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷ். சொந்தமாகப் படம் எடுக்கப் போவதாகச் சொல்லி ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயரும் வைத்துவிட்டவன். அவன் தன் தந்தைக்கு ஒரு திகில் கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர் மிகச் சிலரே.

அக்காட்சியை விடுதி அறையில் நண்பன் ஒருவனின் கைப்பேசியில் பார்த்தோம். முதல்முறை எல்லாரும் நாகேஷைத்தான் பார்த்தோம். ஓடுவதும் பதுங்குவதும் வாயால் ஓசைகளை எழுப்புவதுமாக அவர் செய்யும் அமர்க்களத்தில் வேறு பக்கம் கண் போகவில்லை. பிறகு நான் ஒரு சோதனை செய்தேன். இருவரும் ஒன்றாகத் தெரியும் இடங்களில் நாகேஷ் தெரியாதபடி ஓர் அட்டையால் திரையை மறைத்தேன். ஓசையையும் நிறுத்திவிட்டேன். பாலையா மட்டும் தெரிந்தார்.

நண்பர்களே, அப்போதும் கதை புரிந்தது! எங்கே கதை மெல்லச் செல்கிறது, எங்கே ஏதோ வரப்போகிறது, எங்கே வந்தேவிட்டது என்பதெல்லாம் அந்த முகத்தில் இருந்தது. தொடக்கத்தில் ‘இவன் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறான்’ என்ற அலட்சியம். பிறகு ஒரு கவனம். பிறகு தன்னையறியாமல் உடல் ஒடுங்குகிறது. பயந்ததை மகன் கண்டுவிடக் கூடாதே என்ற வெட்கமும் கூடவே வருகிறது. இந்த வெட்கந்தான் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது. பயத்தை எந்த நடிகரும் காட்டலாம். பயத்தை மறைக்க முயன்று தோற்பவனைக் காட்டுவது கடினம்.

அடுத்து அட்டையை மாற்றிப் பாலையாவை மறைத்தோம். இம்முறை ஓசையும் இருந்தது. நாகேஷ் அதே வேகத்தில்தான் இருந்தார். அவரிடம் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நாங்கள் பாதிதான் சிரித்தோம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு இசைக்கவைகள் உண்டு. இரண்டும் ஒரே அதிர்வெண் உடையவை. ஒன்றைத் தட்டினால், தொடாமலே மற்றொன்றும் பாடத் தொடங்கும். இதை ஒத்ததிர்வு என்கிறோம். தட்டப்பட்ட கவையை உடனே கையால் பிடித்து நிறுத்திவிட்டாலும் தட்டப்படாத கவையின் ஒலி மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும். கதை சொல்லும் காட்சியில் பாலையா அந்த இரண்டாவது கவை. பேராசிரியர் எனக்குச் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. மேடையில் பேசாமல் நிற்பவனுக்கும் ஒரு வேலை உண்டு. அவன் கேட்க வேண்டும். அவன் கேட்பதைப் பார்த்துத்தான் அவையோர் கேட்கிறார்கள்.

அதே படத்தில் இன்னொரு நுட்பம். தன் எஸ்டேட் வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோக் என்ற இளைஞனைப் பெருஞ்செல்வர் ஒருவரின் மகன் என்று விசுவநாதன் நம்பிவிடுகிறார். உண்மையில் அந்தச் செல்வராக வேடமிட்டு வந்திருப்பவன் அசோக்கின் நண்பன் வாசு (முத்துராமன்). நேற்றுவரை ‘அவன்’ என்றிருந்த பையன் ஒரே நொடியில் ‘அவர்’ ஆகிறான். அதோடு நிற்கவில்லை, ‘மகன்’ என்ற சொல்லையும் ‘மகர்’ ஆக்கிவிடுகிறார்! உயர்திணை ஆண்பால் விகுதி பணத்தைக் கண்டதும் மரியாதை விகுதியாக மாறும் இந்த இலக்கணம் நன்னூலில் இல்லை. ஆனால் நம் ஊர்த் தெருக்களில் உண்டு. என் தந்தையை ‘வாடா’ என்று அழைத்தவர், நான் கல்லூரியில் சேர்ந்த பின் ‘வாப்பா’ என்று அழைத்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு அந்த ஞாபகமும் வந்தது.

இப்படம் 1966இல் ‘ப்யார் கியே ஜா’ என்ற பெயரில் இந்திக்குப் போனது. நாகேஷின் வேடத்தை மெஹ்மூதும் பாலையாவின் வேடத்தை ஓம் பிரகாஷும் ஏற்றனர். 1967இல் பாலசந்தர் இயக்கிய ‘பாமா விஜயம்’ படத்தில் மூன்று மகன்களோடும் மூன்று மருமகள்களோடும் திண்டாடும் முதியவராகப் பாலையா நடித்தார். அப்படம் மறு ஆண்டு ‘தீன் பஹூரானியான்’ என்று இந்தியில் வந்தபோது அந்தத் தந்தை வேடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிருதிவிராஜ் கபூர். நம்மவரின் இடத்தை நிரப்ப வடக்கே எத்தகையவர் தேவைப்பட்டார் என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஏமநாத பாகவதர்

பாடகர் வேடத்தைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். அது 1965இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’. பாண்டியன் அவைக்கு வடநாட்டிலிருந்து வந்து, ‘என்னை வெல்லப் பாடகர் உண்டா?’ என்று அறைகூவும் ஏமநாத பாகவதராக வருகிறார் பாலையா. அரசவையில் அவர் பாடும் இராகமாலிகையைப் பின்னணியில் பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. இசை கே. வி. மகாதேவன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கதைப்படி ஏமநாதர் தோற்க வேண்டியவர். பாணபத்திரருக்காக இறைவனே விறகு விற்பவராக வந்து பாடப்போகிறார். ஆகவே ஏமநாதரின் பாட்டு மட்டமாக இருந்தால் கதை கெட்டுவிடும். மட்டமான பாடகனை வெல்ல இறைவன் எதற்கு? பாட்டு உண்மையிலேயே உயர்ந்ததாகவும், பாடுபவரிடம் செருக்கு நிறைந்ததாகவும் இருக்க வேண்டும். உயர்வைப் பாலமுரளியின் குரல் தந்தது. செருக்கைத் தர வேண்டியவர் பாலையா. அவர் உட்காரும் அமைப்பையும், கை வீச்சையும், ஒரு சங்கதி முடிந்ததும் அவையைப் பார்க்கும் பார்வையையும் கவனியுங்கள். பாராட்டை எதிர்பார்க்கும் பார்வை இல்லை அது. ‘இதற்கு மேல் என்ன இருக்கிறது’ என்று முடித்துவிடும் பார்வை. இன்னொருவர் குரல் என்பதே மறந்துபோகிறது.

ஆனாலும் அந்த வேடத்தின் சிகரம் அரசவைப் பாட்டில் இல்லை என்பது என் கருத்து. இரவில், அவர் தங்கியிருக்கும் வீட்டு வாசலில், விறகு விற்கும் வேடத்தில் சிவாஜி கணேசன் பாடுகிறார். உள்ளிருந்து ஏமநாதர் கேட்கிறார். பாடுபவர் சிவாஜி, குரல் டி. எம். சௌந்தரராஜனுடையது. கேட்பவர் பாலையா. மறுபடியும் கேட்கும் வேலை! தன்னைவிடப் பெரிய இசை உண்டு என்பது ஒரு செருக்குடைய மனிதனுக்குப் புரியும் தருணம் அது. பாணபத்திரரிடம் பாடம் கேட்டும் தேறாதவன் தான் என்று அந்த விறகுக்காரன் சொல்லும்போது, ‘இவனே இப்படிப் பாடினால் அவர் எப்படிப் பாடுவார்!’ என்று ஏமநாதர் நடுங்குகிறார். விடிவதற்குள் ஊரைவிட்டே போய்விடுகிறார். அவரைப் பார்த்துச் சிரிக்கவே முதலில் தோன்றும். இரண்டாம் முறை பார்த்தபோது எனக்கு இரக்கம் வந்தது. இசையை அறியாதவனாக இருந்தால் அவர் அஞ்சியிருக்க மாட்டார். வந்த பாட்டின் உயர்வை அளக்கத் தெரிந்ததாலேயே தோற்றார்.

1968இல் அதே நாகராஜன், கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதையைப் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி நாதசுரம் ஏந்தினார். நமக்குக் கேட்கும் நாதசுரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. தவில்காரர் முத்துராக்குவாகப் பாலையா. சண்முகத்துக்கு மூக்கின்மேல் கோபம். அந்தக் கோபம் எப்போது வரும், எப்படித் தணிக்கலாம் என்பதெல்லாம் முத்துராக்குவுக்கு அத்துப்படி. தவில்காரர் வாசிப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எங்கே மூச்செடுப்பார் என்பது இவருக்குத் தெரியும். பாலையா கச்சேரியில் மட்டுமா அப்படிப் பார்க்கிறார்? கச்சேரி இல்லாத காட்சிகளிலும் சிவாஜியை அவ்வாறே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது இந்தப் படத்தை என் தந்தையோடு சேர்ந்து பார்த்தேன். அவர் கொத்தனாருக்குக் கையாள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சிறுவயதில் டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து ‘திருவிளையாடல்’ பார்த்தவர். நான் இசைக்கவை, ஒத்ததிர்வு என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, கொத்தனாரு கையை நீட்டுறதுக்கு முன்னாடி கல்லு கையில இருக்கணும். கேட்டதுக்கப்புறம் கொடுத்தா அவன் கையாளே இல்லை. இந்தாளு கேக்கிறதுக்கு முன்னாடியே கொடுக்கிறாரு.” நான் எழுத நினைத்திருந்த பக்கங்களில் இரண்டை அப்போதே கிழித்துவிட்டேன்.

பாலையா 1972ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் மறைந்தார். வயது ஐம்பத்தேழு. முப்பத்தாறு ஆண்டுகள் திரையில் இருந்தார். வில்லனாகத் தொடங்கி, நண்பனாகி, தந்தையாக முடிந்தார். அவருடைய மகன் ஜூனியர் பாலையா என்ற பெயரோடு நம் காலத்துப் படங்களிலும் நடித்தார். 1989இல் ‘கரகாட்டக்காரன்’, 2012இல் ‘சாட்டை’ ஆகியவற்றில் அவரைப் பார்த்திருப்பீர்கள். 2023 நவம்பரில் அவரும் காலமானார்.

பாலையாவின் படங்களைப் பார்க்கப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் பேசும் காட்சிகளை எல்லாரும் பார்க்கிறார்கள். மற்றவர் பேசும்போது அவர் என்ன செய்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். ‘காதலிக்க நேரமில்லை’க்கு ஓர் அட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாடகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விழா நாளன்று என் தந்தை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அரசர் பேசினார். நான் கேட்டேன். அந்தப் பேச்சை ஒத்திகையில் இருபது முறையாவது கேட்டிருப்பேன். இருந்தும் அன்றுதான் அவர் தன் மகனைப் பற்றிப் பேசுகிறார் என்பதே எனக்கு உறைத்தது. என் இரண்டு வசனங்களில் ஒன்றைச் சற்றுத் தாமதமாகச் சொன்னேன். முடிந்ததும் எல்லாரும் அரசரைச் சூழ்ந்துகொண்டார்கள். தந்தை என்னிடம் வந்தார்.

“நல்லாத்தான் நின்னே. வேலுதான் கொஞ்சம் சாஞ்சு இருந்துச்சு” என்றார்.